மடிக்குள் மறையும் துப்பாக்கி எவரைக் காக்கும்?

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் பொதுவாழ்வில் நிற்போர் சிலரிடையே பழைய வினாவொன்று மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. தற்காப்புக்கெனக் குடிமக்களுக்கு வழங்கப்பட்ட சுடுகலன்களை ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு பணித்ததன் பின்னர், "எமக்கு அனுமதி கிடைக்குமாயின் எத்தகைய றிவோல்வரைத் தேர்வது?" என்று வினவுகின்றனர். மடிக்குள் மறையும் அளவு அது சிறிதாயிருத்தல் வேண்டுமாம். சுடுங்கால் கையை உதையாதிருத்தலும் வேண்டுமாம். (யானைக்கு அஞ்சிப் படுவான்கரை விவசாயி வைத்திருக்கும் நெடுந்துவக்கின் கதை வேறு; அதனை யாம் ஈண்டு தொடவில்லை.)

விருப்பம் நன்று, இயற்கையோ அதற்கு இணங்குவதில்லை. ரவை முன்னே பாயும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அதே ரவையைச் சுடும் துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால், அது பின்வாங்கும் வேகம் இருமடங்காகும். கை தாங்கவேண்டிய ஆற்றலும் இருமடங்காகும். சிமித் அன்ட் வெசன் நிறுவனம் 1950இல் வெளியிட்ட ஐந்து ரவைச் சிறு றிவோல்வர் சட்டைப்பைக்கு இசைந்ததே. ஆயின் அதன் வழிவந்த அலுமினிய வகைகள்.38 ரவையைச் சுடும்போது பழகாத கையை நடுங்கவைக்கும். இந்தியாவின் கான்பூர்த் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென "நிர்பீக்" என்னும் 500 கிராம் றிவோல்வரை ஆக்கியபோது .32 ரவையையே தேர்ந்தது. அதன் உதைப்பு மெல்லிது. வலுவும் அதற்கேற்பக் குறைவே. விலையோ இலட்சத்து இருபதினாயிரம் இந்திய ரூபாவுக்கு மேல்!

ஆகவே கேட்போருக்கு நேர்விடை இது: உருக்கினாலான உடல், .32 ரவை அல்லது மென்மையான .38 ரவை, உள்ளங்கை நிறையும் பிடி, விரல் வலியாது இழுக்கத்தக்க விசை. இவையனைத்தும் பொருந்தியது மடிக்குள் மறையாது. மறைவது உதைக்கும், உதையாதது கனக்கும்.

நிற்க. இரண்டு அங்குலக் குழலில் குறிகாட்டிகள் நெருங்கி நிற்பதால், கையின் சிறு பிழையும் இலக்கிற் பெரும்பிழையாகும். நாள்தோறும் பழகினாலன்றி அது கைவராது. எவர், எங்கே பழகுவது? வாவிக்கரையில் நின்று தண்ணீரை நோக்கிச் சுடலாமோ? அங்கே வலைவீசுவோர் இருக்கின்றனரே!

இனி எம்மவர் மாண்ட வகையை எண்ணிப் பார்ப்போம். 1989 தேர்தலில் மட்டக்களப்பிற் போட்டியிட்ட அமிர்தலிங்கம் அவர்கள், அவ்வாண்டு ஜூலை 13இல் கொழும்பில், விருந்தினராய் வந்தோராற் சுடப்பட்டார். காவலரின் துப்பாக்கி கொலைஞரைக் கொன்றது, தலைவரைக் காக்கவில்லை. உடனிருந்த யோகேஸ்வரனும் மாண்டார். மட்டக்களப்பு உறுப்பினர் சாம் தம்பிமுத்து 1990 மே மாதத்திற் கொழும்பு வீதியில் வீழ்ந்தார். ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துள்ளேயே சுடப்பட்டார், துணைவியாரும் காயமுற்றார். திருப்பலியில் நிற்பவர் மடியில் றிவோல்வர் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்பவன் கொலைஞனே.

மறைவு என்னும் வசதியும் அவனுக்கே உரியது. 1959 செப்டம்பரிற் பிரதமர் பண்டாரநாயக்கவைக் கொன்ற றிவோல்வர் துறவாடைக்குள் வந்தது. 2025 பெப்ரவரியில் கொழும்பு நீதிமன்றத்துள் ஒருவரைக் கொன்ற றிவோல்வர், குடைந்தெடுத்த நூலொன்றினுள் வந்தது. சிறு துப்பாக்கியின் சிறுமையாற் பயனடைந்தோர் இவர்களே.

பரராஜசிங்கம் கொலைவழக்கில் 2015இற் கைதுகள் நிகழ்ந்தன. 2021 ஜனவரியில், வழக்கை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவிக்க, மட்டக்களப்பு மேல்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. தேவாலயத்தினுள், வழிபட்டோர் கண்முன் நிகழ்ந்த கொலைக்கு இன்றுவரை பொறுப்பாளி இல்லை! துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பம் வரைவோர் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வழக்கின் கோவையை மீளத் திறக்குமாறும், யுத்தம் விட்டுச்சென்ற களவுத் துப்பாக்கிகளை ஊர்தோறும் தேடி மீட்குமாறும் அரசை வற்புறுத்தட்டும். பாராளுமன்றத்தில் மட்டக்களப்பின் பெயரால் அமர்ந்திருப்போர் இவ்விரண்டையும் எப்போது கேட்கப் போகிறார்கள்?