பள்ளியும் பல்லியும் ஒன்றான காலம்

நாற்பது வயதைத் தாண்டிய நான்கு பேர் கூடும் இடங்களில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வந்து சேர்கிறது. மாடியிலிருந்து விழுந்தும் உடையாத செல்பேசி, ஒருமுறை மின்னேற்றினால் நான்கைந்து நாள்கள் தாங்கிய பேட்டரி, பேருந்துக்குக் காத்திருக்கையில் துணையிருந்த பாம்பு விளையாட்டு. அந்த நோக்கியா மணியோசையை யாராவது ஒருவர் வாயால் இசைத்தும் காட்டுவார். அது ஸ்பெயின் நாட்டு கிதார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரேகா 1902இல் அமைத்த இசைத்துண்டின் ஒரு சிறு பகுதி என்பதை இன்னொருவர் நினைவூட்டுவார். பேசி முடிக்கும்போது எல்லோர் முகத்திலும் ஒரு கனிவு படர்ந்திருக்கும். பிறகு ஒவ்வொருவராகத் தத்தம் திறன்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள்.

இந்தக் கனிவை நமக்கு முன்பே வணிகர்கள் கண்டுகொண்டார்கள். 2000இல் வெளிவந்து 12 கோடிக்கும் மேல் விற்ற நோக்கியா 3310, 2017இல் புதிய உருவத்தில் மீண்டும் கடைக்கு வந்தது. 2004இல் நாகரிகத்தின் அடையாளமாக வலம்வந்த மோட்டோரோலா ரேசர், மடங்கும் திரையுடன் 2019இல் மறுபிறவி எடுத்தது. இழந்ததாக நாம் எண்ணும் ஒன்றை நமக்கே திரும்ப விற்க முடியும் என்றால், இழந்தது உண்மையில் அந்தப் பொருள்தானா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நானும் இந்த ஏக்கத்துக்கு வெளியே நிற்பவன் அல்லன். ஆனால், நினைவேக்கம் எழுதும் கணக்கில் வரவு மட்டுமே இருக்கிறது. செலவுப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அப்பக்கத்தில் எழுதப்பட வேண்டிய இரண்டு இனங்கள் எனக்குத் தெரியும். ஒன்று நம் மொழி சார்ந்தது. மற்றொன்று நம் ஊர் ஒன்றைச் சார்ந்தது.

முதலில் வரவைச் சொல்லிவிடுகிறேன். பழைய செல்பேசியின் சிறப்பு அதன் எல்லையில் இருந்தது. அழைப்பு முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. சட்டைப்பைக்குள் போனபின் அது நம்மை எதற்கும் கூப்பிடவில்லை. இதை ஓர் ஒழுக்கமாக இன்று நாம் போற்றுகிறோம். ஆனால் அந்த எல்லையை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, விலை தேர்ந்தெடுத்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அந்நாள்களில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். அழைப்பவர் மட்டுமல்ல, அழைப்பை ஏற்பவரும் பணம் கட்ட வேண்டும். 2003இல்தான் வரும் அழைப்புகள் கட்டணமற்றவை ஆயின. அதற்குப் பின்னரும் 'மிஸ்டு கால்' என்றொரு மொழி நம்மிடையே நெடுநாள் வழங்கியது. ஒருமுறை மணியடித்து நின்றால் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள். இருமுறை அடித்தால் நீ கூப்பிடு என்று பொருள். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் குறுஞ்செய்திச் சலுகைகள் செல்லாது என்பதால் முந்தைய நாளே வாழ்த்தை அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. அந்தச் சுருக்கத்தில் ஓர் அழகு இருந்ததை நான் மறுக்கவில்லை. சிக்கனத்தால் பிறந்த அழகு அது.

இனி செலவுக் கணக்கு.

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும் என்பது பலருக்கும் நினைவிருக்கலாம். தமிழ் எழுத்துகளுக்கு அந்த இடம் 70 ஆகச் சுருங்கிவிடும் என்பதை அனுபவித்தவர்கள் குறைவு. காரணம் எளியது. ஒரு குறுஞ்செய்தியின் மொத்தக் கொள்ளளவு 140 பைட்டுகள், அதாவது 1120 பிட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டுகள் போதும். தமிழை யூனிகோடில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட்டுகள் வேண்டும். அந்த 70 இடங்களும்கூட எழுபது எழுத்துகளுக்கானவை அல்ல. 'தமிழ்' என்று எழுதினால் நம் கணக்கில் மூன்றெழுத்து. குறுஞ்செய்தியின் கணக்கில் ஐந்து. மகரத்தின் மேல் ஏறும் விலங்குக்கு ஓர் இடம், ழகரத்தின் தலையில் அமரும் புள்ளிக்கு ஓர் இடம் எனத் தனித்தனியே ஒதுக்க வேண்டும். ஒரு குறளைப் பெரும்பாலும் அனுப்பிவிடலாம். அதற்கு ஒழுங்காக ஒரு வரி உரை சேர்க்க இடமிராது.

அதுவும் எழுத முடிந்தால்தான். பெரும்பாலான செல்பேசிகளின் பொத்தான்களில் தமிழ் இல்லை. பின்னாளில் விலை குறைந்த சில செல்பேசிகளில் தமிழ் வந்தது. ஆனால் பெறுபவரின் கருவிக்குத் தமிழ் தெரியாவிட்டால், நாம் எழுதிய சொற்கள் அங்கே வெற்றுக் கட்டங்களாகப் போய் இறங்கும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. பொத்தான் செல்பேசியிலேயே தமிழில் எழுத வழிசெய்த முன்னோடி முயற்சி அது. எனினும் அதை ஏற்கும் கருவி பலரிடம் இல்லை. ஆகவே நாம் அனைவரும் செய்தது ஒன்றுதான்: தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம்.

அதற்கு என்ன விலை கொடுத்தோம்? பள்ளியும் பல்லியும் ஒன்றாயின. மனமும் மணமும் ஒன்றாயின. அறத்துக்கும் அரத்துக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. லகர, ளகர, ழகரங்கள் ஒரே எழுத்துக்குள் ஒண்டிக்கொண்டன. குறிலும் நெடிலும் எழுதுபவரின் அவசரத்துக்கு ஏற்ப இடம் மாறின. இடம் நோக்கிப் பொருள் புரிந்துகொண்டோம், உண்மைதான். ஆனால் ஒரு தலைமுறை தன் காதலையும் துக்கத்தையும் தன் கைக்குள் முதன்முதலாக எழுதத் தொடங்கியபோது, அதைத் தன் எழுத்தில் எழுதும் வாய்ப்பு அதற்கு இருக்கவில்லை. 'எளிமையான அந்தக் காலம்' என்று நாம் சொல்லும் காலம் இதுதான்.

இதை நான் மொழிப்பற்றின் மிகையில் சொல்லவில்லை. என் தந்தை தமிழாசிரியர். வேலைக்காக நான் வெளியூர் சென்ற நாளிலிருந்து வாரம் ஒருமுறை இன்லண்ட் கடிதம் எழுதுவார். ஒட்டுவதற்கான மடிப்பையும் விடாமல் நுணுக்கி எழுதியிருப்பார். கவனமாகப் பிரிக்காவிட்டால் இரண்டு வரி கிழிந்துபோகும். 2005இல் அவருக்கு ஒரு செல்பேசி வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்களில் கடிதங்கள் நின்றன. "அதான் பேசிடறோமே" என்றார். பேசினோம்; உடம்பு எப்படி, மழை உண்டா, பணம் வந்ததா. அவர் கடிதங்களில் வரும் எதுவும், படித்த பாட்டு, பக்கத்து வீட்டுக் கதை, என்மீதான வருத்தம், அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்குள் வரவில்லை. குறுஞ்செய்தி எழுதக் கற்றுக்கொடுக்க முயன்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பள்ளியா பல்லியான்னு நீ ஊகிச்சுத்தான் படிக்கணும்னா அதை நான் எதுக்கு எழுதணும்?" என்றார். 2011இல் மறைந்தார். 2005 வரையிலான அவரது கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. அதற்குப் பிந்தைய ஆறு ஆண்டுகளுக்கு அவர் கைப்பட ஒரு வரி இல்லை.

கடிதத்தை நிறுத்தியது நீங்கள் இருவரும்தானே, செல்பேசி என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயம். கருவி எதையும் தடுக்கவில்லை; எளிதான ஒன்றைக் கையில் கொடுத்துக் கடினமான ஒன்றை நாமே கைவிடும்படி செய்தது. இன்று திறன்பேசியின் மீது நாம் சொல்லும் குற்றமும் இதுவேதான். அப்படியென்றால் அந்த நோய் திறன்பேசியோடு தொடங்கவில்லை என்றாகிறது.

2007இன் இறுதியில் உலகில் விற்ற பத்துச் செல்பேசிகளில் ஏறத்தாழ நான்கு நோக்கியாவினுடையவை. அதே ஆண்டு ஜனவரி 9 அன்றுதான் ஐபோன் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு வந்தது. அந்த வீழ்ச்சியின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். தமிழ் எழுதுபவனுக்கு அதில் முக்கியமானது வேறொன்று. பொத்தானில் எழுத்து அச்சிடப்பட்டிருந்தது. ஆலையில் அச்சிட்டதை நாம் மாற்ற முடியாது. தொடுதிரையிலோ எழுத்து வரையப்பட்ட படம் மட்டுமே. படத்தை மாற்றலாம். தமிழுக்கென்று தனியாக ஒரு பொத்தான் பலகை செய்ய எந்த ஆலையும் முன்வர வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. முதலில் வந்த ஆண்ட்ராய்டு கருவிகளிலும் தமிழ் கட்டங்களாகவே தெரிந்தது. சில ஆண்டுகளில் அது சீரானது. 2013இல் ஐபோனின் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. இன்று காய்கறிக் கடைக்காரர் தமிழில் விலைப்பட்டியல் அனுப்புகிறார். பார்வையற்ற வாசகர்கள் தமிழ்க் கட்டுரைகளைக் கருவி வாசிக்கக் கேட்கிறார்கள். முழு நாவலைக் கட்டைவிரலால் எழுதி முடித்தவர்கள் இருக்கிறார்கள். திறன்பேசி நம் கவனத்தைத் தின்கிறது என்ற குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். என் வாசிப்பும் அதற்கு இரையாகியிருக்கிறது. ஆனால் அதற்கு மாற்றாகப் பழைய பொத்தான் செல்பேசியை முன்வைப்பவர்கள், அது நம்மை ஊமையாகவும் வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது இனம், ஊர்.

நம் நினைவில் இருக்கும் செல்பேசிக்குப் பிறந்த ஊர் கிடையாது. அது கடையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். ஆனால் இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியாவின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்ட மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், நிறுவனப் பேருந்துகளில் மூன்று ஷிஃப்டுகளுக்கும் வந்து இறங்கினார்கள். பலருக்கு அது வாழ்வின் முதல் மாதச் சம்பளம். 2010 அக்டோபர் இறுதியில் அங்கே இளம்பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2013இல் வருமான வரித்துறையுடனான வழக்கு தொடங்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியா தன் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். விருப்ப ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோர் இளவயதினர் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தச் சொல்லின் பொருள் விளங்கும். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது.

பூட்டிய அந்த ஆலையை 2019இல் சால்காம்ப் என்ற மின்னேற்றி உற்பத்தி நிறுவனம் வாங்கியது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. 2021 டிசம்பரில் விடுதி உணவால் தம்முடன் பணிபுரிந்தவர்கள் நோயுற்றபோது, அந்த ஆலையின் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தார்கள். ஆக, பொத்தான் செல்பேசியிலிருந்து திறன்பேசிக்கு உலகம் மாறிய பெரும் மாற்றம், நம் வீட்டு வாசலிலேயே, அடுத்தடுத்த தலைமுறைப் பெண்களின் விரல்கள் வழியாக நடந்திருக்கிறது. நம் நினைவேக்கத்தில் அவர்கள் இல்லை. 'உடையாத போன்' என்று நாம் வியப்பதை உடையாதபடி பூட்டியவர்கள் அவர்கள்.

உப்பளத் தொழிலாளர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதினார். தோல் பதனிடுபவர்களின் உலகை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். திருப்பெரும்புதூரின் அந்தப் பேருந்துகளை, இரவு ஷிஃப்டை, வாடகை அறையில் ஐந்து பெண்கள் சேர்ந்து சமைத்த சோற்றை, வேலை போன பின் நின்றுபோன தங்கையின் படிப்பை அந்த விரிவில் எழுதிய நாவல் எதுவும் என் வாசிப்பில் இதுவரை எதிர்ப்படவில்லை. அங்கே வேலை செய்தவர்களில் பலருக்கு இன்று முப்பத்தைந்தைக் கடந்திருக்கும். அவர்கள் கையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரு கருவி இருக்கிறது. அவர்களில் ஒருவர் எழுதினால், பாம்பு விளையாட்டைப் பற்றிய நம் கட்டுரைகள் அனைத்தையும்விட அது மேலானதாக இருக்கும்.

அப்பாவின் செல்பேசி என் மேசை அறையில் இருக்கிறது. பேட்டரி உப்பிப்போனதால் கழற்றி எறிந்துவிட்டேன். சென்ற ஆண்டு வேறொரு பேட்டரி தேடிப் போட்டு உயிர்ப்பித்துப் பார்த்தேன். அனுப்பிய செய்திகள் இல்லை. வரைவுகள் இல்லை. பெயர்ப்பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள். அனைத்தும் நான் ஆங்கில எழுத்தில் பதிந்து கொடுத்தவை. அவர் பதிந்தது ஒன்றுகூட இல்லை. அணைத்து மீண்டும் உள்ளே வைத்துவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து, மடிப்பு கிழியாமல் பிரித்தேன்.