அந்தச் சைக்கிள் பாதை எந்தத் தெரு வழியாகப் போகும்?

சனி, ஞாயிறு அதிகாலையில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். திருவான்மியூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வரை ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர்கள் வரிசை வரிசையாகப் போவார்கள். அவர்களில் பலருடைய சைக்கிள் விலைக்கு நம் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். அதே சாலையோரத்தில் கட்டட வேலைக்கும், மீன் வியாபாரத்துக்கும், காவலாளி வேலைக்கும் துருப்பிடித்த சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. அவர்களை யாரும் 'சைக்ளிஸ்ட்' என்று அழைப்பதில்லை. சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்ற பேச்சு வரும்போது முதல் கூட்டத்தின் குரல்தான் கேட்கிறது.

அந்தக் கோரிக்கையை நாங்கள் எதிர்க்கவில்லை. சைக்கிளில் போகிற எவரும் கார் மோதிச் சாகாமல் வீடு திரும்ப வேண்டும். ஆனால் சைக்கிள் பாதை என்றாலே கடற்கரையும் காலைக் காற்றும்தான் என்று நினைக்கிற இடத்தில் எங்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

பெரம்பலூரும் அரியலூரும்கூட ஒரு காலத்தில் கடல்தான். சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணைக் கடல் மூடியிருந்தது. அதனால்தான் அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடக்கின்றன. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் இருக்கிறது. காரையில் மழை அரித்த செம்மண் பள்ளங்களில் கடல் உயிர்களின் எச்சங்களைப் பொறுக்கலாம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கரைவெட்டியில் பறவைகள் சரணாலயமும், இன்னும் கிழக்கே கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கின்றன.

இந்த இடங்களையெல்லாம் இணைத்து ஒரு சைக்கிள் வழித்தடம் போட்டால் என்ன என்று எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். செல்போனில் வரைபடத்தைத் திறந்து கோடு போட ஆரம்பித்தோம். அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, இந்தப் பாதை எந்தத் தெரு வழியாப் போகும்?"

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வரைபடத்தில் எல்லாத் தெருவும் ஒரே நிறம். ஆனால் எது ஊர்த்தெரு, எது காலனித்தெரு என்று நம் கால்களுக்குத் தெரியும். ஊர்த்தெரு முக்கு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே போனவர்கள் நம் தாத்தாக்கள். சில இடங்களில் நம் அப்பாக்கள். நேர்வழியில் ஐந்து நிமிடத்தில் போகிற பள்ளிக்கு ஏரிக்கரை சுற்றிப் போன பிள்ளைகள் நம்மிலேயே இருக்கிறோம். யாரும் அடித்து விரட்டவில்லை. "எதுக்குப்பா வம்பு, அந்தப் பக்கமா போ" என்று நம் அம்மாவே சொல்லியனுப்பினாள். தடை அம்மாவின் வாய் வழியாகவே வந்துவிட்டால், தடை போட்டவனுக்கு வேலையே இல்லை.

இது ஏதோ நாலு கிராமத்துக் கதை இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. குடையும் செருப்பும் இருந்த பட்டியலில் பிறகு சைக்கிள் சேர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்ட தீண்டாமை ஆய்வும் சைக்கிள் ஓட்டத் தடை இருப்பதைப் பதிவு செய்தது. இப்போது மோட்டார் சைக்கிள் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவர் குடும்பம் சொன்னது.

வண்டி மாறுகிறது, ஆத்திரம் மாறவில்லை. ஏன்? நடந்து போகிறவனை நிறுத்தி விசாரிக்கலாம். தலை குனிய வைக்கலாம். சைக்கிளில் போகிறவன் தலை நிமிர்ந்து, திண்ணையில் உட்கார்ந்திருப்பவனைவிட உயரத்தில், நிற்காமல் போய்விடுகிறான். பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகிறான், கூலியைக் கேட்டு வாங்குகிறான், பண்ணையாரின் வயலை நம்பி இருப்பதில்லை. சாதிக்குப் பிடிக்காதது அந்த வேகமும் அந்த விடுதலையும்தான்.

1990களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் இதை நிரூபித்தது. ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கிற பெண்கள், கூலி வேலை செய்கிற பெண்கள் உட்பட ஒரு லட்சம் பேர் சைக்கிள் கற்றார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. 1983இல் கன்ஷிராமும் தலித் சோஷித் சமாஜ் சங்கர்ஷ் சமிதித் தோழர்களும் வட இந்தியாவில் வாரக்கணக்கில் பயணம் போனது சைக்கிளில்தான். காசில்லாத இயக்கத்துக்குச் சைக்கிளே வாகனமாகவும் மேடையாகவும் இருந்தது.

தமிழ்நாட்டின் இலவச சைக்கிள் திட்டத்தின் தொடக்கத்தையும் பல மாணவர்கள் அறிவதில்லை. 2001-02இல் அது ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகுதான் மற்றவர்களுக்கும் விரிந்தது. இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஓட்டுகிற அந்தச் சைக்கிளில் முதலில் ஏறியவள் சேரிப் பெண். இதை உங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.

சைக்கிளை அரசு கொடுத்தது. சாலையை யார் கொடுப்பது? அரியலூரில் சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு ஆபத்து. ஒன்று சாதித்தெரு. இன்னொன்று லாரி. அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி சிமெண்ட் ஆலைகளுக்கு ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. புழுதியில் எதிரே வருவது தெரியாது. சாலையோரம் சரிந்து கிடக்கும். லாரி மோதி உயிர் போவதும், சனங்கள் மறியலில் உட்காருவதும், இரண்டு நாளில் லாரி மறுபடி ஓடுவதும் இந்த மாவட்டத்துக்குப் பழகிவிட்டன. அந்த நேரத்தில் சாலையில் காரில் போகிறவர் தப்பித்துக்கொள்வார். சைக்கிளில் போகிறவர் யார் என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். சாலையோரச் சைக்கிளில் அந்தக் கணக்கு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பது எங்கள் அனுபவம்.

ஆகவே, கடற்கரைச் சாலையில் சைக்கிள் பாதை கேட்கிற நண்பர்களுக்கு: உங்கள் கோரிக்கையில் அந்தத் துருப்பிடித்த சைக்கிளையும் சேருங்கள். காலை எட்டு மணிக்கு முடிகிற பாதை வேலைக்குப் போகிறவருக்கு உதவாது.

நம் தோழர்களுக்கு மூன்று வேலை இருக்கிறது.

முதலாவது, சட்டத்தைப் படியுங்கள். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)இல், இசட்ஏ உட்பிரிவு சைக்கிளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொது இடத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தாலும், செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுத்தாலும், பொதுப்பாதையைப் பயன்படுத்த விடாமல் செய்தாலும் அது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. புகாரை வாய்மொழியாகச் சொன்னாலும் காவல் நிலையத்தில் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை தேவை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், 18ஏ பிரிவைக் காட்டுங்கள். ஒரு நாடாளுமன்றம் சைக்கிள் என்ற சொல்லைக் குற்றச் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது என்றால், அதற்கு முன் எத்தனை பேர் சைக்கிளிலிருந்து இறக்கப்பட்டிருப்பார்கள்!

இரண்டாவது, நமக்கான வரைபடத்தை நாமே போடுவோம். ஒவ்வொரு ஊரிலும் நம் பிள்ளைகள் பள்ளிக்கு எந்த வழியாகப் போகிறார்கள், எங்கே சுற்றிப் போகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், எங்கே லாரிக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள் என்று குறியுங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள். "இப்பல்லாம் அப்படி இல்லப்பா" என்றுதான் முதலில் சொல்வார்கள். கூடவே நடந்து பாருங்கள்.

மூன்றாவது, அந்த வரைபடத்தைக் கிராம சபையில் வையுங்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என ஆண்டில் பலமுறை கிராம சபை கூடுகிறது. பள்ளிக்குப் போகிற சாலையில் சைக்கிளுக்கு ஓரப்பாதை, பள்ளி நேரத்தில் லாரிக்குத் தடை, காலனியிலிருந்து பள்ளிக்கு நேர்ச்சாலை ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததையே மனுவாக்கி ஆட்சியரிடம் கொடுங்கள்.

அந்தத் தங்கையின் கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் அன்று பதில் கிடைக்கவில்லை. இப்போது முடிவு செய்திருக்கிறோம். சாத்தனூருக்கும் காரைக்கும் வாரணவாசிக்கும் நாங்கள் சைக்கிளில் போவோம். ஏரிக்கரை சுற்றாமல், ஊர்த்தெரு வழியாக, இருக்கையில் உட்கார்ந்தபடி, மணி அடித்துக்கொண்டு போவோம். அவள்தான் முன்னால் ஓட்டுவாள்.