வண்டிக்கு இடம்: அளந்து ஒதுக்குவோம்!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கும்போது மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

சாயர்புரத்தில் வளர்ந்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் கொத்தனார். தூத்துக்குடியில் தூண்களை எழுப்பி, தரைத்தளத்தை வண்டிகளுக்கு விட்டு, அதன்மேல் வீடுகளைக் கட்டுகிறவர்களுள் அவரும் ஒருவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நான், நாளை வேலை கிடைத்தால் அப்படியொரு வீட்டில்தான் குடியேறுவேன். அதன் வாடகையில், என்னிடம் இல்லாத காருக்கான இடத்தின் செலவும் சேர்ந்தே இருக்கும்!

அந்த இடம் எவ்வளவு? கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் போதும் என்று தோன்றும். ஆனால் உள்ளே வரவும் திரும்பவும் வழி வேண்டுமே! அதனால்தான் டெல்லியின் 2021-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம், தூண்தளத்தில் ஒரு காருக்கு 28 சதுர மீட்டர் என்று கணக்கிட்டது. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தில், நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு வகுத்த உட்பரப்போ 30 சதுர மீட்டர் வரைதான். ஓர் ஏழைக் குடும்பம் வாழும் இடமும் ஒரு கார் உறங்கும் இடமும் ஏறத்தாழ ஒன்று!

கார் எத்தனை பேரிடம் இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நூறு குடும்பங்களில் கார் வைத்திருந்தவை ஏறத்தாழ 5. மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ வைத்திருந்தவை 21. சைக்கிள் வைத்திருந்தவை 45. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்விலும் கார் உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு 8 அளவே. அடுக்குமாடிவாசிகளிடம் கார் சற்று மிகுதியாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. எவ்வளவு மிகுதி என்று எண்ணிப் பார்த்த பிறகல்லவா விதி செய்ய வேண்டும்?

2019-இல் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வீட்டின் பரப்பை வைத்தே நிறுத்துமிடத்தைக் கணக்கிடுகின்றன. பரப்பு வீட்டை அளக்கும், வண்டியை அளக்குமா? பிள்ளைகளை வளைகுடா நாட்டுக்கு அனுப்பிவிட்ட முதியவர் இருவர் பெரிய வீட்டில் இருப்பர். அவர்களுடைய கார் இடம் காலியாகக் கிடக்கும். சிறிய வீட்டிலோ துறைமுக வேலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள், கல்லூரிக்கு ஒரு ஸ்கூட்டர், மீன் விற்க ஐஸ் பெட்டி கட்டிய ஒரு மொபெட்! அவற்றில் பாதி தெருவில்தான் நிற்கும்.

"இடத்தைக் குறைத்தால் கார்கள் தெருவை அடைக்காவா?" என்பது நியாயமான கேள்வி. ஜப்பான் 1962-லேயே இதற்குச் சட்டம் செய்தது. அங்கே கார் வாங்குபவர்தாம் நிறுத்த இடம் இருப்பதைக் காட்ட வேண்டும். பொறுப்பு வீட்டின்மேல் அன்று, காரின்மேல்! லண்டன் மாநகரமும் 2004-இல், இவ்வளவேனும் இடம் விட வேண்டும் என்ற விதியைக் கைவிட்டு, இதற்குமேல் கூடாது என்று உச்சவரம்பு வகுத்தது. லண்டனின் ரயிலும் பேருந்தும் நமக்கு இல்லை. ஆகவே அவ்வரம்பு நமக்குப் பொருந்தாது. தேவையறிந்து விதியை மாற்றிய துணிவு பொருந்தும்.

தூண்தள நிறுத்துமிடம் குடியிருப்போரின் பொதுவிடம், கட்டுநர் அதைத் தனியே விற்க முடியாது என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுவிடமென்றால், அதில் கார் நிறுத்துவோர் சங்கத்துக்கு மாத வாடகை தரட்டும். அத்தொகையால் எல்லோருடைய பராமரிப்புக் கட்டணமும் குறையட்டும்.

மாணவ நண்பர்களே! குடியிருப்புகளில் வண்டிகள் மிகுதியாக நிற்பது இரவில்தான். விடுமுறையில் சங்கங்களின் இசைவோடு, இரவு பத்து மணிக்கு நிற்கும் கார்களையும் இருசக்கர வண்டிகளையும் காலி இடங்களையும் எண்ணுவோம். புள்ளியியல் கற்ற நமக்கு இது கடினமா? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், அக்கணக்கை மாநகராட்சியிடமே கொடுக்கலாம். அளந்தபின் ஒதுக்கினால் காருக்கும் இடம் கிடைக்கும். எளியவனுக்கும் வீடு கிடைக்கும்!