நாம் தொடத் தயங்கும் நஜீஸ்: குழந்தைகளின் துணி டயப்பர் குறித்து



வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்றால், முன்பெல்லாம் பழைய வேட்டியையும் நைந்த பருத்திச் சேலையையும் தேடி எடுப்பார்கள். அவற்றைச் சதுரமாகக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, குழந்தைக்கான லங்கோடாக மடித்து அடுக்குவார்கள். இன்று அந்த அடுக்கின் இடத்தில் டயப்பர் பொட்டலங்கள் இருக்கின்றன. கிராமத்துப் பெட்டிக்கடையில்கூட அவை சரம் சரமாகத் தொங்குகின்றன.

இம்மாற்றத்திற்கு நம் தாய்மார்கள் பலரும் கூறும் காரணம் தொழுகை. துணி கட்டினால் பாயில் நஜீஸ் படும், உடையில் படும், ஒவ்வொரு வக்துக்கும் உடை மாற்ற வேண்டியிருக்கும். டயப்பர் என்றால் சுத்தம் என்கின்றனர். இக்கவலை ஈமானிலிருந்து பிறப்பது, மதிக்கத்தக்கது. ஆயினும் அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு சரியானதா என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பகல் பொழுதிலேனும் துணிக்குத் திரும்புவது நம் குடும்பங்களுக்கு நன்மை தரும் என்பதும், அந்தச் சுமையைத் தாயின் தலையில் மட்டும் ஏற்றினால் அந்த நன்மை கெட்டுவிடும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

டயப்பர் மறைக்கிறது, நீக்குவதில்லை

எறியும் டயப்பரின் உள்ளே மரக்கூழும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் உறிஞ்சு மணிகளும் இருக்கின்றன. இம்மணிகள் சிறுநீரை உறிஞ்சிக் கூழ்போல் ஆகிவிடுவதால், மேற்பரப்பு கைக்கு உலர்ந்ததாகத் தோன்றுகிறது. வெளிப்புறப் பிளாஸ்டிக் படலம் கசிவைத் தடுக்கிறது. ஆனால் சிறுநீர் எங்கும் போய்விடவில்லை. குழந்தையின் இடுப்பிலேயே இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமா (ரலி) அவர்களைச் சுமந்தவாறு தொழுததையும், ஸஜ்தாவுக்குச் செல்லும்போது கீழே இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதையும் அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தொழும்போது குழந்தை தோளில் ஏறுவது குற்றமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் நஜீஸ் இருப்பது தெரிந்தே அதைச் சுமந்து தொழுவதை ஷாஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் அனுமதிப்பதில்லை. நிறைந்த டயப்பருடன் மடியேறும் குழந்தைக்கும் ஈரத் துணியுடன் மடியேறும் குழந்தைக்கும் இவ்வகையில் வேறுபாடு குறைவே. இன்னும் சொல்லப்போனால், துணி நனைந்தால் உடனே தெரிந்துவிடுகிறது; டயப்பரில் தெரிவதில்லை. தக்பீருக்கு முன் குழந்தையின் துணியை மாற்றிவிட்டுத் தொழும் பழக்கமே இரண்டுக்கும் பொதுவான தீர்வு.

மார்க்கம் தந்திருக்கும் எளிமை

உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். மடியில் அமர்த்தப்பட்ட குழந்தை ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் தண்ணீர் வரவழைத்து அதன்மீது தெளித்தார்கள். இந்நிகழ்வு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது.

இதன் அடிப்படையில், பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்தாலே போதும் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. பெண் குழந்தையின் சிறுநீரைக் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். மலம் எந்தக் குழந்தையுடையதாயினும் கழுவப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நம் பெண்களிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைய வேண்டும். நஜீஸைத் தொட்டாலே உளூ முறிந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று, நஜீஸ் பட்ட கையைக் கழுவினால் போதும். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர், குழந்தையின் மர்ம உறுப்பை உள்ளங்கையால் நேரடியாகத் தொட்டால் மட்டும் உளூ முறியும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு துணியை இடையில் வைத்துத் துடைத்தால் அச்சிக்கலும் இல்லை. டயப்பர் மாற்றினாலும் லங்கோடு மாற்றினாலும் இச்சட்டம் ஒன்றே. எனவே உளூவைக் காரணம் காட்டித் துணியை ஒதுக்க வேண்டியதில்லை.

துவைக்கும் முறை

அழுக்குத் துணிகளை எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, அதிலேயே கசக்கிப் பிழிந்து உலர்த்துவது பல வீடுகளில் காணப்படும் வழக்கம். இதில் கவனம் தேவை. ஷாஃபி மத்ஹபில், இரண்டு குல்லத் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் அந்நீர் முழுவதும் நஜீஸாகிவிடும். வீட்டு வாளி அந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இராது. எனவே துணியை நீருக்குள் போடுவதைவிட, துணியின்மேல் நீரை ஊற்றுவதே சரியான முறை.

முதலில் மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட வேண்டும். பின்னர் குழாய்க்கு அடியில் துணியைப் பிடித்து, அசுத்தத்தின் பொருள் நீங்கும்வரை நீரை ஓடவிட்டுக் கசக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தோர், கண்ணுக்குத் தெரியாத சிறுநீர் போன்றவற்றை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிவர். இவ்வாறு அலசிய துணியையே வாஷிங் மெஷினில் இட வேண்டும். அப்போது மற்ற உடைகளும் நஜீஸாகுமோ என்ற ஐயம் எழாது. மெஷினின் வேலை சோப்பு போடுவது மட்டுமே. நன்கு கழுவிய பின்னும் போகாமல் நிற்கும் மங்கலான கறையை எண்ணி வருந்த வேண்டியதில்லை. நீக்குவதற்கு அரிதான நிறம் மன்னிக்கப்பட்டது என்று சட்ட அறிஞர்கள் கூறியுள்ளனர். இதற்கு மேலும் வஸ்வாஸ் எழுமானால் உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

குழந்தையின் தோல் குறித்தும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எறியும் டயப்பர் துணியைவிட அதிக ஈரத்தை உறிஞ்சும். ஆகவே துணி கட்டுவோர் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் பார்த்து மாற்ற வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். இல்லையேல் தோல் சிவந்து புண்ணாகும். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்கக்கூடாது. அவை துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். சோப்பு தங்காமல் அலசி, வெயிலில் உலர்த்துவது போதும்.

குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒரு மனிதர்

நாம் சுருட்டி எறியும் டயப்பர் எங்கே போகிறது? இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைத் தனியே பொதிந்து ஒப்படைக்க வேண்டும் என்று கூறின. நம் தெருக்களில் நடப்பது வேறு. மலத்தோடு சேர்த்துச் சுருட்டிய டயப்பர், சோற்றுக் குப்பையோடும் காய்கறித் தோலோடும் ஒரே பையில் போகிறது. அதைப் பிரிப்பவர் ஒரு துப்புரவுப் பணியாளர். பெரும்பாலும் அவரும் ஒரு தாய். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலைபோல் குவிந்த சென்னையின் குப்பையில் இவையும் கலந்துள்ளன. பிளாஸ்டிக்கும் உறிஞ்சு மணிகளும் மண்ணோடு மண்ணாவதில்லை.

நாம் தொடத் தயங்கும் நம் பிள்ளையின் நஜீஸை, நாம் பெயரும் அறியாத இன்னொருவரின் கையால் தொடச் செய்கிறோம். தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசும் சமுதாயத்திற்கு இது அழகா?

சிறிய ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். வாய்க்கால் ஓரத்திலும் குளக்கரையிலும் கடற்கரையிலும் டயப்பர்கள் கிடக்கின்றன. நீர்நிலைகளிலும், நடைபாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்திற்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அதே அசுத்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டி அதே இடத்தில் எறிவது வேறு செயலாகிவிடுமா? டயப்பர் பயன்படுத்தியே ஆக வேண்டிய வீட்டார், மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயப்பரைத் தாளில் பொதிந்து தனியே கொடுப்பது குறைந்தபட்சக் கடமை.

செலவின் கணக்கு

நாளொன்றுக்கு ஐந்து டயப்பர் என்று கொண்டால், இரண்டரை ஆண்டில் ஏறத்தாழ 4,500 ஆகும். ஒன்றின் விலை பத்து ரூபாய் என்றால் 45,000 ரூபாய். இன்று கடைகளில் கிடைக்கும், நீர் கசியாத மேலுறையும் உள்ளே வைக்கும் உறிஞ்சு துணியும் கொண்ட துணி டயப்பர் 400 ரூபாய் என வைத்தால், இருபது வாங்க 8,000 ரூபாய். சோப்பு, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்தாலும் பெரும்பகுதி மிச்சம். பழைய வேட்டியை மடித்துக் கட்டுவோருக்கு அந்த 8,000 ரூபாயும் தேவையில்லை. அடுத்த குழந்தைக்கும் அதே துணி உதவும்.

துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு கூறிவிடவும் முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, கரியமில வாயு வெளியேற்றத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றே கண்டது. மெஷின் நிறையத் துணி இட்டு, வெளிக்கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் பாதிப்பு நாற்பது விழுக்காடு குறையும் என்றும் அது கூறியது. அந்நாட்டு அரசின் 2023ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டரை ஆண்டுகளுக்கு எறியும் டயப்பருக்கு ஏறத்தாழ 457 கிலோ, துணிக்கு 345 கிலோ என்று கணக்கிடப்பட்டது. ஆக, நாம் எவ்வாறு துவைக்கிறோம் என்பதே நன்மையைத் தீர்மானிக்கிறது. அங்கே மின்சாரத்தால் உலர்த்துவதை இங்கே அல்லாஹ்வின் வெயில் இலவசமாக உலர்த்துகிறது. தண்ணீரில் மட்டும் சிக்கனம் வேண்டும். ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் சிறிதளவு நீரில் உளூச் செய்த நபியின் உம்மத் நாம்.

சுமை யாருடையது?

துணியின் சிறப்பை எடுத்துரைக்கும் ஆண்களில் எத்தனை பேர் ஒரு லங்கோடையேனும் அலசியிருப்பார்கள்? அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்று, குனியவும் இயலாமல் இருக்கும் தாயிடம், "எங்கள் காலத்தில் எல்லாம் துணிதான்" என்று கூறுவது உபதேசமன்று, கொடுமை. அந்தக் காலத்தில் துவைத்தவர் அந்தத் தாய் மட்டுமல்லர். உம்மா, மூத்த சகோதரி, பாட்டி என்று நான்கு கைகள் இருந்தன. இன்று பல வீடுகளில் கணவர் வளைகுடாவில் இருக்க, மனைவி தனியே இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். அத்தகைய தாய் டயப்பரை நாடினால் அவரைக் குறை கூறும் உரிமை எவருக்கும் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழப் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பாலூட்டலைப் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பால்குடி மறக்கச் செய்வதைக்கூடக் கணவன் மனைவி இருவரும் கலந்தாலோசித்து, மனமொப்பிச் செய்யும் காரியமாகக் காட்டுகிறது. பால் நிறுத்துவதற்கே ஆலோசனை வேண்டுமெனில், நாளும் பலமுறை மாற்றித் துவைக்க வேண்டிய துணியை ஒருவர் தீர்மானிக்க மற்றொருவர் சுமப்பது எப்படி முறையாகும்?

ஆகவே துணியைத் தேர்ந்தெடுக்கும் வீட்டார் முதலில் வேலையைப் பங்கிடட்டும். ஸுப்ஹு தொழுதுவிட்டு வரும் தகப்பனார் இரவின் துணிகளை அலசிப் போடட்டும். உலர்ந்ததை மடித்து வைப்பதைப் பெரிய பிள்ளைகள் பழகட்டும். வெளிநாட்டில் இருக்கும் கணவர், அடுத்த விடுமுறையில் பொட்டலம் பொட்டலமாக டயப்பர் கொண்டுவருவதைவிட, ஒரு வாஷிங் மெஷினுக்குப் பணம் அனுப்பட்டும். பேறுகாலத்தின் முதல் நாற்பது நாட்களிலும், பயணத்திலும், நோயிலும், இரவிலும் டயப்பர் இருக்கட்டும். பகலில் துணி இருக்கட்டும். பாதியைக் குறைத்தாலே ஒரு குழந்தைக்கு இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட டயப்பர்கள் குப்பைக்குப் போகாமல் தடுக்கப்படும்.

உற்றார் உறவினருக்கும் இதில் பங்குண்டு. அகீகாவுக்கும், குழந்தை பார்க்கவும் செல்வோர் டயப்பர் பொட்டலத்திற்குப் பதிலாக நல்ல பருத்தித் துணி டயப்பர்களைக் கொடுக்கலாம். பிள்ளை வளர்ந்த வீட்டார், நல்ல நிலையிலுள்ளவற்றைத் துவைத்து, அடுத்து பிள்ளை பெறும் வீட்டுக்குத் தரலாம். மஹல்லாவின் பெண்கள் சேர்ந்து இதனை ஒழுங்குபடுத்தினால், வாங்க வசதியற்ற தாய்க்கும் அது சென்று சேரும்.

வீண்விரயத்தைத் தவிர்த்து, நம் வீட்டின் அசுத்தத்தால் பிறருக்குத் தீங்கு நேராமல் காத்து, குடும்பச் சுமையைக் கணவனும் மனைவியும் பகிர்ந்து சுமக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.