உருக்குத் தூபியும் நடுகல்லும்: பிரம்ப்டன் நினைவகம் எம்மிடம் கேட்பது

கனடாவின் பிரம்ப்டன் நகரில், சிங்குவாகூசிப் பூங்காவில், 4.8 மீற்றர் உயரமான உருக்குத் தூபி ஒன்று நிற்கிறது. தமிழினப் படுகொலை நினைவாக 2025 மே 10ஆம் திகதி அது திறந்துவைக்கப்பட்டது. சில நாட்களுக்குள் இலங்கை வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத், கொழும்பிலுள்ள கனேடிய உயர்ஸ்தானிகரை அழைத்து ஆட்சேபம் தெரிவித்தார். ஒரு நகரப் பூங்காவில் வைத்த தூபிக்காக ஓர் அரசு இவ்வளவு பதற்றப்படுகிறது என்றால், அது வெறும் அலங்காரச் சின்னம் அல்ல என்பது எமக்கு விளங்குகிறது.

இந்தத் தூபியின் கதை பிரம்ப்டனில் தொடங்கவில்லை. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வடக்கு கிழக்கில் கடையடைப்பு நடந்தது. அதன் பின்னரே மீண்டும் கட்ட இணங்கினார்கள். அதே ஜனவரி மாதத்திலேயே பிரம்ப்டன் மாநகரசபை தன் நகரில் ஒரு நினைவுத்தூபி அமைக்க ஏகமனதாகத் தீர்மானித்தது. அங்கே ஓரிரவில் இடித்ததற்கு இங்கே நான்கு ஆண்டுகள் எடுத்து ஒரு பதில் எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்தது பலவீனமான கட்டு, இங்கே இருப்பது பலமான உருக்கு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இயந்திரத்துக்கு முன் உருக்கும் நிற்காது. வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. அங்கே தூபி நின்ற நிலத்தின் மீது மாணவர்களுக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. இங்கே அது பொதுப் பூங்காவில், தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்றின் தீர்மானத்தோடு நிற்கிறது. அதை அகற்ற வேண்டுமென்றால் இரவோடு இரவாக முடியாது. பகலில், சபையில், எல்லோரும் பார்க்கக் கைகளை உயர்த்த வேண்டும். வேறு நகரங்களில் இப்படி ஒன்றைக் கேட்கப் போகிறவர்கள் வடிவமைப்புக்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும். தனியார் காணியில் எழுப்புவது சுலபம். காப்பாற்றுவது சுலபமல்ல.

அடுத்தது பராமரிப்பு. துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரை நம்பிப் பேசாமல் இருந்துவிட முடியாது. அதில் கலந்துள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படையொன்றை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. பனிக்காலத்தில் வீதிகளிலும் நடைபாதைகளிலும் கொட்டும் உப்பு அந்தப் படையைத் துளைக்கக் கூடியது. காலாகாலத்தில் கழுவ வேண்டும், இணைப்புகளைப் பார்க்க வேண்டும், மின்விளக்கு எரிகிறதா என்று கவனிக்க வேண்டும். திறப்பு விழாவுக்குச் சேரும் கூட்டமும் பணமும் பத்தாவது ஆண்டில் இருக்குமா? தூபிக்குச் சேர்க்கும்போதே பராமரிப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைப்பதே புத்தி.

இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரம் இந்த விடயத்தில் பார்க்கத்தக்கது. 1998இல் அங்கே அந்தனி கோம்லி என்ற சிற்பி வடிவமைத்த ‘வடக்கின் தேவதை’ நிறுவப்பட்டது. 20 மீற்றர் உயரம், 54 மீற்றர் அகலச் சிறகுகள், ஏறத்தாழ 200 தொன் உருக்கு. மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் தொழிலாளர் குளித்த இடத்தின் மீது அது நிற்கிறது. தொடக்கத்தில் ஊர் மக்களே பலர் எதிர்த்தார்கள், வீண் செலவு என்றார்கள். இன்று அந்தச் சிலையின் அருகிலுள்ள மரங்களில், இறந்துபோன தம் உறவுகளுக்காக மக்கள் படங்களும் கடிதங்களும் கட்டிவிட்டுப் போகிறார்கள். யாரும் உத்தரவிட்டு நடந்ததல்ல. நாள்தோறும் போய்வரக்கூடிய இடமாக இருந்ததால் அது மக்களுடையதாகியது.

எமது மரபிலும் இதற்கு வேர் உண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அதில் ஒன்று கூடலூர் ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஒருவனின் கல். யார், எந்த ஊர், எதில் இறந்தான் என்பதைச் சில சொற்களில் சொல்லிவிடுகிறது. சிற்பமே இல்லாவிட்டாலும் அந்தக் கல் பேசும். ஆகவே உருக்கின் வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அருகில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் அதை நடுகல்லாக்கும். எந்தத் திகதி, எந்த இடம், என்ன நடந்தது என்பவை தமிழிலும் அந்தந்த நாட்டு மொழியிலும், ஆதாரத்தோடு, கோபச் சொற்கள் இல்லாமல் இருக்க வேண்டும்.

இது ஏன் அவசரம் என்றால், எதிர்ப்பு ஓயப்போவதில்லை. இனப்படுகொலை என்ற சொல்லையே மறுப்பவர்கள் கனடாவிலும் இருக்கிறார்கள். ஒன்ராறியோவின் தமிழினப் படுகொலை கல்வி வாரச் சட்டத்தை அவர்கள் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டைக் கேட்க மறுத்ததோடு அது முடிந்தது. நீதிமன்றத்தில் வாதாடச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். பாடசாலையில் சக மாணவன் “அது என்ன தூபி?” என்று கேட்டால் எமது பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். 2009இல் பிறந்த பிள்ளைக்கு இப்போது வாக்களிக்கும் வயது நெருங்குகிறது. அந்தப் பிள்ளைக்கு முள்ளிவாய்க்கால் என்பது ஆண்டுக்கு ஒருமுறை கஞ்சி குடிக்கும் நாளாக மட்டும் தெரிந்தால், தூபி இருந்தும் பயனில்லை.

அதனால் மே 18க்குக் காத்திருக்காமல், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அந்தப் பூங்காவுக்குப் போவோம். அம்மம்மா அல்லது அப்பப்பா உயிரோடு இருந்தால் அவர்களையும் கூட்டிப்போவோம். எந்த வழியால் நடந்தோம், எந்தப் பதுங்குகுழியில் இருந்தோம், யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று அவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் அதைத் தொலைபேசியில் பதிவு செய்யட்டும். தூபியை மாநகரசபை பார்த்துக்கொள்ளும். அந்தப் பதிவு எமது வேலை. சாட்சிகளின் வயது ஏறிக்கொண்டு போவதால், அதைத் தள்ளிப்போட எமக்கு அதிக காலம் இல்லை.