"கரண்ட்" வைத்த குழந்தைகள்: 20 வருடம் கழித்து யார் பார்ப்பது?

காரைக்கால்–

புற்றுநோய் வந்த குழந்தை பிழைத்து விட்டது. தலைமுடி முளைத்து விட்டது. பள்ளிக்கூடம் போகிறது. "அப்பாடா!" என்று பெற்றோர் மூச்சு விடுகிறார்கள்.

அத்தோடு தொல்லை தீர்ந்ததா? அதுதான் இல்லை!

"கரண்ட் வைப்பது" என்று நம் ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் வளர்கிற உடம்பில், பக்கத்தில் உள்ள நல்ல உறுப்பையும் அது தொட்டு விடும். அதன் விளைவு 10, 20 வருடம் கழித்துத் தலைகாட்டும்.

தலையில் வைத்தால் படிப்பில் மந்தம், உயரக் குறைவு வரலாம். கழுத்தில் என்றால் தைராய்டு கோளாறு. மார்பில் என்றால் இருதயத் தொல்லை. எல்லோருக்கும் வந்துவிடாது. முன்கூட்டித் தெரிந்தால் தைராய்டு குறைவை தினம் ஒரு மாத்திரையில் சரிக்கட்டி விடலாம்.

அமெரிக்காவில் இப்படிப் பிழைத்த பிள்ளைகளை 1994 முதல் விடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள். 2006-ல் வந்த முடிவு: பெரியவர்களாகி விட்ட 10,397 பேரில், 100-க்கு 62 பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல் குறை! (கரண்ட் மட்டுமல்ல, மருந்தும் இதற்குக் காரணம்.)

நம் நாட்டிலும் பம்பாய் டாடா ஆஸ்பத்திரி, குணமான பிள்ளைகளுக்கென்றே 1991-ல் தனி கிளினிக் திறந்தது.

காரைக்கால்காரர் பாடு வேறு. சுற்றிலும் தமிழ்நாடு. சொந்தத் தலைநகர் புதுச்சேரியோ 130 கிலோ மீட்டருக்கு அப்பால். ஒருவர் ஜிப்மர் போவார், இன்னொருவர் அடையாறு போவார். கரண்ட் ஓர் ஊரில், மருந்து ஓர் ஊரில் என்றால் முழு விவரம் எந்த டாக்டர் கையிலும் இராது.

பெண் பிள்ளை விஷயம் இன்னும் சிக்கல். வரன் பார்க்கும்போது யாராவது வாயைத் திறப்பார்களா? பழைய சீட்டு பரணுக்குப் போய்விடும். ஆனால் மார்பில் கரண்ட் வாங்கிய பெண், 25 வயது முதல், அல்லது சிகிச்சை முடிந்த 8-வது வருடம் முதல், இதில் எது பிந்தியதோ அப்போதிருந்து வருடா வருடம் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது மேல்நாட்டு டாக்டர்கள் வகுத்த முறை. நம் ஊரில் 25 வயது என்றால் அவள் புகுந்த வீட்டில் இருப்பாள். அங்கே யாருக்குத் தெரியும்?

ஆகவே, வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி விடுங்கள். எந்த இடத்தில் கரண்ட் வைத்தது, எத்தனை "கிரே" அளவு, எந்தத் தேதி முதல் எதுவரை, கூடவே கொடுத்த மருந்துகளின் பெயர். ஒரு நகல் ரேஷன் கார்டோடு இருக்கட்டும். இன்னொன்று மகள் கல்யாணமாகிப் போகும்போது அவள் பெட்டியில் போகட்டும்.