தனபாட்டாவும் போர்ட் பிளேர் வானமும்

ஜப்பானிய மொழியைப் பருவ விழாக்களின் வழியே கற்பித்தால் குழந்தைகளுக்கு அரசியல் கலவாத பண்பாடு கிடைத்துவிடும் என்னும் வாதம் வரலாற்றுக்கு முன் நில்லாது. மார்ச் 3இல் பொம்மைத் திருநாள், ஜூலை 7இல் தனபாட்டா எனப் பாடநூல்கள் அடுக்கும் தேதிகள் இயற்கை வகுத்தவை அல்ல. 1873இல் மெய்ஜி அரசு பழைய நாட்காட்டியைக் கைவிட்டது. ஐந்து பருவ நாள்களின் அரசுத் தகுதியை நீக்கி, பேரரசரின் பிறந்தநாளையும் முதற்பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் நாளையும் விடுமுறைகளாக்கியது. பெரும்பாலும் ஆகஸ்டில் வந்த நட்சத்திர விழா பல ஊர்களில் மழைக்காலத்துக்குள் விழுந்தது அதனால்தான்.

போர்ட் பிளேரிலும் ஜூலை 7 தென்மேற்குப் பருவமழையின் நடுவே வருகிறது. மூங்கிலில் வேண்டுதல் தாள் கட்டும் பிள்ளை எந்த நட்சத்திரத்தைக் காணும்? இது சிறு குறைதான்.

பெருங்குறை வேறு. 1942 மார்ச் 23 அன்று இத்தீவைக் கைப்பற்றிய படை தன் மொழியையும் பள்ளிக்குள் கொணர்ந்தது. அதே ஆட்சியில் மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் சித்திரவதைக்குள்ளாகி 1944 ஜனவரி 14இல் மாண்டார். அம்மாதம் 30இல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மொழியைக் கற்பிப்பதற்கு இவை தடையல்ல. கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். ஆனால் கொழுக்கட்டையும் காகிதக் கொக்கும் நிறைந்த பாடத்திட்டம் ஏப்ரல் 29ஐ என்ன செய்யும்? இன்று அது 'ஷோவா நாள்' என்னும் இனிய விடுமுறை. 1942இல், எவர் பெயரால் அப்படை வந்திறங்கியதோ அந்தப் பேரரசரின் பிறந்தநாள்.